ஐஸுக்கு வேர்க்குரு

டன்மார்ஷ், சாஸ்கச்சுவான்
மார்ச் 29

அன்புள்ள போனி,

நான் இங்கே சுகம். உன் அம்மாவும், நீயும், உன் பன்றிகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். யாரை முதலில் எழுதுவது என்று யோசித்தேன். வயதுப்படி எழுதியிருக்கிறேன் என்று அத்தையிடம் சொல்லிவிடு.

தொலைபேசியில் சொல்லாமல் இவ்வளவு நீளமாக ஏன் எழுதுகிறேன் என்றால், தொலைபேசியில் நீ “ம்” என்ற ஒன்றைத் தவிர வேறு எதுவும் பேசுவதில்லை. அந்த “ம்” சந்தோஷமா, தூக்கமா என்று கண்டுபிடிப்பதற்குள் கார்டில் காசு தீர்ந்துவிடுகிறது.

முதலில் ஒரு மானக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். நான் சொல்லாவிட்டால் ரெஜைனாவில் இருக்கிற உன் அத்தை மகள் சொல்லிவிடுவாள். அவள் சொன்னால் அதில் இரண்டு போலீஸ்காரரும் ஒரு தீயணைப்பு வண்டியும் சேர்ந்துவிடும்.

நவம்பரில் ஒரு நாள் காலை என் பின்புறம் ஐஸில் ஒட்டிக்கொண்டது. அலங்காரமாகச் சொல்லவில்லை, நிஜமாகவே ஒட்டிக்கொண்டது. நான் பெருக்குகிற விளையாட்டு மண்டபத்துக்கு ஆட்கள் வருவதற்கு முன்னால், அங்கே ஐஸ் போடுகிற ஓரெஸ்ட் கிழவரின் தண்ணீர்க் கலனை முதுகில் மாட்டிக்கொண்டு, அவரைப் போலவே பின்பக்கமாக நடந்து பார்த்தேன். பாதி தூரம்கூடப் போகவில்லை, உட்கார்ந்துவிட்டேன். கலனில் இருந்த வெந்நீர் முழுக்க என் கால்சட்டைக்குள் போயிற்று. பொய் சொல்வானேன், முதலில் இதமாகத்தான் இருந்தது. எந்த எலும்பு போயிற்று என்று ஒவ்வொரு காலாக ஆட்டிப் பார்த்துவிட்டு எழுந்திருக்கப் போனால், நான் எழுந்தேன், கால்சட்டை எழவில்லை.

அதற்குள் காலை ஆட்டத்துக்கு வருகிற பெரியவர்கள் வந்துவிட்டார்கள். இந்த ஊர்க்காரர்கள் மரியாதை தெரிந்தவர்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. “குட்மார்னிங் லூ, இன்னைக்குக் கொஞ்சம் குளிர் ஜாஸ்தி இல்ல?” என்று வானிலை விசாரித்தார்கள். (லுஸ்விமிண்டா என்ற பெயர் இங்கே யாருக்கும் வாயில் நுழையவில்லை. முதல் எழுத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.) ஓரெஸ்ட் மட்டும் வாசலிலேயே நின்று, “நானும் இந்த மண்டபத்துல எத்தனையோ வருஷமா ஐஸ் போடறேன். அடைகாக்கிற கோழிய இன்னைக்குத்தான் பாக்கறேன்” என்றார். கடைசியில் சமையலறை மார்லிஸ் ஒரு மேசை விரிப்பை மறைவாகப் பிடித்துக்கொள்ள, கால்சட்டையை அங்கேயே விட்டுவிட்டு வெளியே வந்தேன். பயப்படாதே, உள்ளே இன்னும் இரண்டு போட்டிருந்தேன். இந்த ஊரில் பெண்களின் மானத்தைக் காப்பது குளிர்தான்.

கூட்டிப் பெருக்க வந்தவளுக்கு ஐஸில் என்ன வேலை என்று கேட்பாய். கேள். இந்தக் கர்லிங் மண்டபத்தில் பெருக்குகிற வேலை ஐஸ் இருக்கிற வரைதான். மார்ச்சில் ஐஸை உருக்கினால் என்னையும் சேர்த்து வடித்துவிடுவார்கள். ஐஸ் போடுகிறவருக்கு மட்டும்தான் வருடம் முழுக்கச் சம்பளம். கோடையில் அவரே சந்தைத் திடலையும் பார்த்துக்கொள்ள வேண்டும். வருடம் முழுக்க வேலை இருந்தால்தான் உன்னை இங்கே அழைக்க நான் மனுப் போட முடியும். ஓரெஸ்டுக்கு இரண்டு முழங்காலும் போய்விட்டது, இந்தப் பருவத்தோடு விலகுகிறார் என்று எனக்கு அக்டோபரிலேயே தெரியும். இதற்கு மேல் உனக்கு விளக்க வேண்டுமா?

நம் ஊரில் ஐஸ் என்றால் ஹாலோ-ஹாலோ இனிப்பில் சீவிப் போடுவது. இங்கே அதன்மேல் கல்லை விட்டு விளையாடுகிறார்கள். கைப்பிடி வைத்த பெரிய கல். ஒருவர் தள்ளிவிடுவார், இரண்டு பேர் அதற்கு முன்னால் துடைப்பத்தால் தேய்த்துக்கொண்டே ஓடுவார்கள், கடைசியில் நிற்கிறவர் தொண்டை கிழியக் கத்துவார். கல் போய் வட்டத்துக்குள் நிற்க வேண்டும். அவ்வளவுதான் ஆட்டம். ஆனால் வழுவழுவென்று இருக்கிற ஐஸில் கல் ஓடாது, பிடித்துக்கொள்ளும். மேலே சூடான தண்ணீரைத் துளித்துளியாகத் தெளித்து, சின்னச் சின்ன முத்தாக உறைய வைக்க வேண்டும். மே மாதத்தில் உன் முதுகு எப்படி இருக்கும்? அதேதான். ஐஸுக்கு வேர்க்குரு வர வைப்பதுதான் இந்த உத்தியோகம். முதுகில் கலன், கையில் குழாய், குழாய் முனையில் பூவாளி மூடி. அதை இப்படியும் அப்படியும் வீசிக்கொண்டே, ஒரே சீராகப் பின்பக்கம் நடக்க வேண்டும். ஒரு வீச்சு தப்பினால் கல் அந்த இடத்தில் குடிகாரன் மாதிரி திரும்பிவிடும்.

ஓரெஸ்டிடம் போய், எனக்குச் சொல்லித் தாருங்கள் என்று கேட்டேன். “சொல்லித் தர என்ன இருக்கு? குளிர் வந்தா தண்ணி உறையும். போய்க் குப்பைய எடு” என்றார். சரி என்று குப்பையை எடுத்தேன். ஆனால் அவர் தெளிக்கிற நேரம் பார்த்து எடுத்தேன். மண்டபத்தில் இல்லாத குப்பையை எல்லாம் நானே கொண்டுவந்து போட்டு எடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை எனக்கு விடுமுறை. ரொட்டி வண்டிக்காரனோடு ஹாலோ கிரீக் என்ற பக்கத்து ஊருக்குப் போய்விடுவேன். பக்கத்து ஊர் என்றால் நம் ஊரிலிருந்து அடுத்த மாகாணம் போகிற தூரம். அங்கே ஐஸ் போடுகிறவர் பேச்சுப் பிரியர். அவர் மண்டபத்தைச் சும்மாவே பெருக்கிக் கொடுத்தேன். அவர் பேசிக்கொண்டே வேலை செய்வார், நான் துடைப்பத்தில் சாய்ந்துகொண்டு கேட்பேன். வீட்டில், மார்லிஸின் நிலவறையில்தானே குடியிருக்கிறேன், அங்கே நடைபாதையில் செடிக்கு ஊற்றுகிற பூவாளியோடு பின்பக்கமாக நடந்து பழகினேன். பழக்கம் முற்றிப்போய் ஒரு நாள் மளிகைக் கடையிலும் அப்படியே நடந்து ஊறுகாய் அடுக்கில் மோதிவிட்டேன். கடைக்காரப் பெண் தன் அம்மாவிடம், “அவங்க ஊர்ல இப்படித்தான் நடப்பாங்க போல” என்று சொன்னாளாம்.

கால்சட்டை விவகாரத்துக்குப் பிறகு மறைக்க எதுவும் இல்லை. எனக்கு அந்த வேலையில் கண் என்று ஊருக்கே தெரிந்துவிட்டது. கிழவர் எதிரிலேயே தெளிக்க ஆரம்பித்தேன். அவர் சொல்லித் தர மாட்டார், ஆனால் திட்டாமல் இருக்க அவரால் முடியாது. “இவ்ளோ சூடாவா? ஐஸ் போடறியா, கோழி உரிக்கறியா?” என்பார். மறுநாள் சூட்டைக் குறைப்பேன். “என்ன, கோயில்ல தீர்த்தம் தெளிக்கிற மாதிரி தெளிக்கற?” என்பார். வீச்சைப் பெரிதாக்குவேன். வசவைத் திருப்பிப் போட்டுப் பார்த்தால் பாடம். உன் அம்மாவிடம் சமையல் கற்றுக்கொண்டவளுக்கு இது புதிதா என்ன?

பிப்ரவரியில் இங்கே பெரிய போட்டி. சுற்றுப்பட்ட ஊர்களிலிருந்தெல்லாம் அணிகள் வரும், மூன்று நாள் சாப்பாடும் குடியும் மண்டபத்திலேயே. அதற்கு முந்தின வாரம் ஓரெஸ்டின் முழங்கால் மடங்கினபடியே நின்றுவிட்டது. அவரை நாற்காலியோடு தூக்கித்தான் காரில் வைத்தார்கள். அப்போதும் என்னைப் பார்த்து, “கதவத் திறந்து வெச்சுட்டுப் போயிடாத” என்று கத்தினார்.

மண்டபத்துக்குத் தலைவர் கார்த் லிண்ட்குவிஸ்ட். டிராக்டர் விற்கிறவர். நல்ல உயரம், நல்ல குரல், தேவாலயத்தில் முதல் வரிசை. நகரத்திலிருந்து ஆள் வரவழைக்க அங்கும் இங்கும் பேசிப் பார்த்தார், ஒருவரும் கிடைக்கவில்லை. கடைசியில் என்னிடம் வந்து, “லூ, இந்த மூணு நாளைக்குப் பாத்துக்க. ஐஸ் நல்லா இருந்தா மார்ச் கூட்டத்துல உன் விஷயம் பேசலாம்” என்றார். இரண்டடி போய்த் திரும்பி, “என் மச்சான் பையனும் கேட்டுட்டிருக்கான், அதையும் சொல்லிடறேன்” என்றார். அந்தப் பையனை எனக்குத் தெரியும். அவன் ஐஸைப் பார்ப்பது கோப்பைக்குள்தான்.

மூன்று நாளும் நான் மண்டபத்திலேயே படுத்தேன். ஆட்டத்துக்கு ஆட்டம் சீவினேன், தெளித்தேன், காலுறையோடு நடந்து மேடுபள்ளம் பார்த்தேன், நடுவில் சமையலறையில் மார்லிஸுக்குக் கைகொடுத்தேன். தற்பெருமை என்று நினைக்காதே, போனி, கல் சூடான சட்டியில் வெண்ணெய் நழுவுகிற மாதிரி போயிற்று. சரி, தற்பெருமைதான். ஹாலோ கிரீக் அணித் தலைவர் கார்த்திடம், இந்த ஐஸ் யார் போட்டது என்று என் காது கேட்கக் கேட்டார். கார்த், “எல்லாம் எங்க ஓரெஸ்ட் போட்டுக் குடுத்த பாதை” என்றார். உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன். அந்தக் கிழங்கில் தோலோடு பாதிச் சதையும் போயிற்று.

கடைசி நாள் இறுதி ஆட்டம். கார்த்தின் அணியும் ஹாலோ கிரீக்கும். சமையலறையில் ஐஸைப் பார்த்த பெரிய கண்ணாடி ஜன்னல் ஒன்று உண்டு, அதன் பக்கத்தில் ஒலிபெருக்கி. பெரோகி என்கிற கிழங்குக் கொழுக்கட்டை தயார், ஆப்பிள் பை தயார் என்று கூப்பிடுவதற்காக வைத்தது. அதை என் கையில்தான் கொடுத்திருந்தார்கள். கடைசிக் கல். அது வட்டத்தின் நடுவில் நின்றால் கார்த்துக்குக் கோப்பை. கல் வருகிறது, கார்த்தும் இன்னொருவரும் முன்னால் தேய்த்துக்கொண்டே ஓடுகிறார்கள், மண்டபம் முழுக்க எழுந்து நிற்கிறது. என் பக்கத்தில் மார்லிஸ் “ச்சு, பட்டுடுச்சு” என்று முணுமுணுத்தாள்.

கார்த்தின் துடைப்பம் கல்லில் பட்டது. என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். பட்டால் அந்தக் கல் செல்லாது, எடுத்துவிட வேண்டும். அவர் எடுக்கவில்லை. நிமிர்ந்து கையைத் தூக்கிச் சிரித்தார். நான் ஒலிபெருக்கியை அழுத்தி, “தலைவரே, உங்க துடைப்பம் கல்லுல பட்டுடுச்சு” என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். “அப்புறம், பதினாலாம் நம்பர், உங்க பெரோகி ஆறுது” என்றும் சொன்னேன்.

போனி, அந்த மண்டபத்தில் குளிர்பெட்டி இயந்திரத்தின் சத்தத்தை அன்றுதான் முதல்முறையாகக் கேட்டேன்.

இந்த ஆட்டத்துக்கு நடுவர் கிடையாது. துடைப்பம் பட்டால் பட்டவரே கையைத் தூக்கிச் சொல்ல வேண்டும். மற்றவர்கள் பார்த்திருந்தாலும் கூரையைப் பார்க்க வேண்டும். எதிர் அணிக்காரன்கூடச் சொல்ல மாட்டான். அடுத்தவன் கல்லைத் தொட்டதைச் சொல்வது, இந்த ஊரில், அடுத்தவன் பெண்டாட்டியைத் தொட்டதைவிடப் பெரிய குற்றம். அதைத்தான் நான் ஒலிபெருக்கியில் செய்திருக்கிறேன், என் வேலையைக் கையில் வைத்திருக்கிற மனிதருக்கு.

கார்த் துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு நின்றார். கழுத்திலிருந்து சிவப்பு மெல்ல ஏறிக் காது வரை போயிற்று. எவ்வளவு நேரம் என்று தெரியாது, ஒரு முழு பரமண்டல ஜெபம் சொல்லி முடித்தேன். பிறகு அவர் குனிந்து, அந்தக் கல்லைக் கையாலேயே ஓரமாகத் தள்ளிவிட்டு, “பட்டுச்சு” என்றார். ஹாலோ கிரீக் ஜெயித்தது. ஜெயித்தவர்கள் தோற்றவர்களுக்குக் குடிக்க வாங்கித் தர வேண்டும் என்பது இங்கே வழக்கம். வாங்கித் தந்தார்கள். கார்த் குடித்துவிட்டுப் போனார். என் ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை.

நான் இயந்திர அறையில் போய் உட்கார்ந்துகொண்டேன். நான்கு வருடம் உன்னை விட்டு இங்கே கிடந்து, குப்பை எடுத்து, ஊறுகாயில் மோதி, எல்லாவற்றையும் ஒரே வாக்கியத்தில் கெடுத்துக்கொண்டேனே என்று இருந்தது. மார்லிஸ் தேடிக்கொண்டு வந்தாள். கண்ணில் தண்ணீர். எனக்காக அழுகிறாள் என்று பார்த்தால், சிரித்துச் சிரித்து வந்த தண்ணீர். “லூ, அந்த ஆள் தொடறது ஊருக்கே தெரியும்டீ. எனக்குக் கல்யாணம் ஆகறதுக்கு முன்னாலயே தொட்டுட்டிருந்தாரு, விவாகரத்து ஆனப்புறமும் தொட்டுட்டிருக்காரு. யார் சொல்றது? விதி தெரிஞ்ச எவனாலயும் சொல்ல முடியாதே! விதி தெரியாத ஒருத்தி வர வேண்டியிருந்தது” என்றாள். அவள் சிரிப்பதைப் பார்த்து எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் ஓட்டுப் போடுகிறவள் மார்லிஸ் இல்லையே.

அடுத்த மூன்று வாரம் கார்த் என்னிடம் பேசவில்லை. மளிகைக் கடையில் என்னைப் பார்த்தால் நாய் உணவு இருக்கிற பக்கம் திரும்பிவிடுவார். அவரிடம் நாய் கிடையாது. ஆல்பர்ட்டாவில் ஒரு இறைச்சித் தொழிற்சாலையில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு விசாரித்து வைத்தேன். உனக்கு இதையெல்லாம் தொலைபேசியில் சொல்லவில்லை. சொன்னால் “ம்” என்பாய், அந்த “ம்” எனக்கு அப்போது தாங்கியிருக்காது.

போன வியாழக்கிழமை கூட்டம். காப்பி ஊற்றுவது என் வேலை, அதனால் என்னைப் பற்றிப் பேசினதை எல்லாம் கெட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்று கேட்டேன். மச்சான் பையனின் பெயர் வந்தது. என் பெயர் வந்தது. ஓரெஸ்ட் ஊன்றுகோலோடு வந்திருந்தார். எழுந்து, “பிப்ரவரில ஐஸ் என்னோடது மாதிரி இல்ல” என்றார். யாருடைய தட்டிலோ காப்பியை ஊற்றிவிட்டேன். “ஆனா நல்லா இருந்துச்சு” என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார். அந்தக் கிழவர் வாயிலிருந்து, திருப்பிப் போடாமலேயே புரிகிற வாக்கியம் அது ஒன்றுதான்.

எல்லாரும் கார்த்தைப் பார்த்தார்கள். அவர் மேசையைப் பார்த்துக்கொண்டே பேசினார். “அந்தப் பொம்பளைக்கு நம்ம விதி தெரியாது. தெரியாமச் சொல்லிட்டா. அது எனக்குப் பிடிக்கல, பிடிச்ச மாதிரி நடிக்கவும் போறதில்ல. ஆனா ஒண்ணு, கண்ணால பாத்தத யாருக்கும் பயப்படாமச் சொன்னா. ராத்திரி ஆளில்லாதப்போ ஐஸ்ல ஒரு கீறல் விழுந்தாலும் அவ பாப்பா, சொல்லுவா. அந்தக் கண்ணு நம்ம ஐஸ் மேல இருக்கட்டும்” என்றார். கை தூக்கினார்கள். மார்லிஸுக்கு ஓட்டு இல்லை, அவளும் தூக்கினாள்.

ஆக, ஏப்ரல் முதல் தேதியிலிருந்து உன் மனைவிக்கு வருடம் முழுக்க வேலை. கோடையில் சந்தைத் திடல், அங்கே மாடுகளும் பன்றிகளும் வரும், ஆகவே உனக்கும் பேச்சுத் துணை உண்டு. மனுப் போடுவதற்கான முதல் வேலையை நேற்றே ஆரம்பித்துவிட்டேன். நீ இலோய்லோ போய் நம் கல்யாணச் சான்றிதழின் புதுப் பிரதி வாங்க வேண்டும். போன தடவை கூரை ஒழுகுகிறது என்றாய், அதற்கு முந்தின தடவை பன்றி குட்டி போடப் போகிறது என்றாய். இந்நேரம் ஒழுகலும் நின்றிருக்கும், குட்டியும் எழுந்து நின்றிருக்கும்.

இன்னொன்று. பனிக் காலணி இங்கே குளிர் முடிகிற சமயத்தில்தான் பாதி விலைக்குக் கிடைக்கும். உனக்கு ஒரு ஜோடி பார்த்து வைத்திருக்கிறேன். உன் பாத அளவை எழுதி அனுப்பு. அளவு எனக்குத் தெரியாதா என்று கேட்காதே, தெரியும். இருந்தாலும் நீ எழுதி அனுப்பு. உன் கையெழுத்தில், தாளில், ஒரு எண்ணாவது. கடைக்காரி இரண்டு வாரம் எடுத்து வைப்பதாகச் சொல்லியிருக்கிறாள், அப்புறம் ஒரு வாரம் கெஞ்சிப் பார்ப்பேன்.

சாந்தோ நீனியோ உன்னைக் காக்கட்டும், உன் முதுகுக்கு வேர்க்குரு வராமலும் பார்த்துக்கொள்ளட்டும். அத்தைக்கு என் வணக்கம்.

உன்,
மிண்டா

பி.கு.: இலோய்லோ போகும்போது கண்ணாடிக் கடையில் என் பழைய அளவுக்கே ஒரு மூக்குக் கண்ணாடி செய்யக் கொடுத்துவிடு, இங்கே விலை கட்டாது. பழையதைப் பெரிய போட்டிக்கு முந்தின நாள் நாற்காலியில் வைத்துவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டேன், இன்னும் மாற்றவில்லை. அது இல்லாமல் சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தால், ஐஸில் நிற்பது கார்த்தா கதவா என்றே எனக்குத் தெரியாது. பார்த்தது மார்லிஸ், ஒலிபெருக்கியை அழுத்தியது மட்டும் நான். இதை உன் அத்தை மகளிடம் மட்டும் சொல்லாதே.